மூன்று சுழியா, இரண்டு சுழியா: டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்குத் தமிழ் சொல்லித் தருவது

தப்பாக எழுதினால் பத்துத் தடவை எழுதச் சொல்லும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பார்த்து எழுதும்போது கைதான் ஓடும். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்குச் சிக்கலே ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான், அறிவில் இல்லை. (கண், காது பரிசோதனையை மட்டும் முன்பே முடித்துவிடுங்கள்.)

247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். ட, ப, ம போதும். புள்ளி வைக்கக் கற்றதும் படம், மடம், பட்டம் என்று உடனே சொற்கள் வந்துவிடும். தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும்.

அப்புறம் கொம்பு. 'கொ' என்பதில் முதலில் கேட்பது க், ஆனால் கண்ணில் முதலில் படுவது கொம்பு, இடமிருந்து வலமாகப் படிக்கும் குழந்தை அங்கேயே தடுமாறும். க் ஒரு அட்டை, ஒ இன்னொரு அட்டை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வைத்த பிறகே 'கொ'வைக் காட்டுங்கள். 'கோ' அன்றைக்கு வேண்டாம், குழம்பும். கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் அவற்றைச் சொற்களோடுதான் பழக்க வேண்டும்.

ண, ன, ந குழப்பத்துக்கு நல்ல வழி இருக்கிறது, பலர் சொல்லித் தருவதே இல்லை. ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), ற-வுக்கு முன்னால் ன் (கன்று), த-வுக்கு முன்னால் ந் (பந்து). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பழைய வாத்தியார்கள் சொன்னது இதைத்தான். சொல்லின் தொடக்கத்தில் என்றால் ந மட்டும்தான். ற, ள, ழ-வும் தொடக்கத்தில் வராது. ஆங்கிலச் சொற்களை இப்போதைக்கு இதில் இழுக்காதீர்கள்.

ல, ள, ழ-வுக்கு இப்படிச் சுலபமான விதி கிடையாது, வாய்தான் வழி. கண்ணாடி முன் உட்காருங்கள்: ல-வுக்கு நாக்கு மேல்பல்லின் பின்பக்கம் தொடும், ள-வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு மடங்கும், தொடாது. வீட்டில் எல்லோரும் 'வாளப்பளம்' என்று சொன்னால் குழந்தை ழ-வை எங்கிருந்து எழுதும்? அதனால் முதலில் உங்கள் உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள்.

சொல்வதை எழுத வைக்கும்போது அன்று பழகியதை மட்டும் திருத்துங்கள். 'ண்ட' பழகும் நாளில் மற்ற பிழைகள் கிடக்கட்டும். தினமும் இருபது நிமிடம் போதும், சலித்துவிட்டால் அதற்கு முன்பே எழுந்துவிடலாம்.

பள்ளியிலும் பேசுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், பத்தாம் வகுப்பு நெருங்கும் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.