அணுமின்சாரமா, சூரியசக்தியா? விவாதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக் கூரைகளில் சூரியத்தகடு பொருத்துவது என் தொழில். வார இறுதிகளில் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழில் விவாதப் பயிற்சி அளிக்கிறேன். சென்ற மாதப் பயிற்சியில், சிங்கப்பூர் அணுமின் நிலையம் அமைக்க வேண்டுமா என்ற தலைப்பில் பேசிய மாணவி ஒருவர், “2030க்குள் நாம் எட்டவிருக்கும் 2 கிகாவாட் சூரியசக்தி, ஆயிரம் மெகாவாட் அணுவுலைகள் இரண்டுக்குச் சமம், பிறகு உலை எதற்கு?” என்று கேட்டு அமர்ந்தார். அரங்கில் நல்ல கைதட்டல். எதிரணியில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அணுவுலை அணுகுண்டைப் போல வெடிக்கும் என்பது, காற்றே போதாத இத்தீவில் காற்றாலை நடலாம் என்பது போன்ற பிழைகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை எதிரணியே திருத்திவிடும்.

உச்சத்திறனை உற்பத்தி என எண்ணுதல்

அந்த மாணவி செய்த தவறு இதுதான். நானும் இதைச் செய்திருக்கிறேன், மேடையில் அல்ல, என் மாமாவின் பணத்தில்.

தொழிலுக்கு வந்த புதிதில், மாமாவின் கிடங்குக் கூரையில் 100 கிலோவாட் தகடுகள் பொருத்தத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆகவே 100ஐ 12ஆலும் 365ஆலும் பெருக்கி, ஆண்டுக்கு 4,38,000 யூனிட் கிடைக்கும் என்றும், போட்ட முதல் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும் என்றும் எழுதினேன். முதலாண்டின் இறுதியில் மானி காட்டியது ஏறத்தாழ 1,20,000 யூனிட். கடன் அடைய ஏழு ஆண்டுக்கு மேலாயிற்று. மாமா கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும், “என்ன மருமகனே, உன் சூரியன் இன்னும் உச்சியைவிட்டு இறங்கவில்லையா?” என்று கேட்கத் தவறுவதில்லை.

அவர் கேலியிலேயே விளக்கமும் இருக்கிறது. தகட்டில் அச்சிட்டிருக்கும் எண், ஆய்வகத்தில் முழு வெயிலுக்கு ஈடான ஒளியில், தகட்டின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்த உச்சத்திறன். காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழுகிறது. பிற்பகலில் மேகம் கூடி மழை கொட்டுகிறது. வெயில் உச்சிக்கு வரும் வேளையிலோ தகடு சூடேறித் திறன் இழக்கிறது. இவையெல்லாம் போக, இந்த ஊரில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குத் தருவது ஏறத்தாழ 1,200 யூனிட். ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத்திறனில் ஓடினால் கிடைப்பதில் இது சுமார் 14 விழுக்காடு. நன்றாக நடத்தப்படும் அணுவுலையோ 90 விழுக்காட்டைத் தொடுகிறது. எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் நிறுத்தும் நாள்கள் தவிர அது இரவு பகலாக ஓடுகிறது.

இப்போது மாணவியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2 கிகாவாட் தகடுகள் ஆண்டுக்குச் சுமார் 240 கோடி யூனிட் தரும். ஆயிரம் மெகாவாட் உலை ஒன்று மட்டுமே ஏறத்தாழ 790 கோடி யூனிட் தரும். இரண்டு உலைகளுக்குச் சமம் என்று சொன்னது, உண்மையில் ஓர் உலையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 2 கிகாவாட், 2030இல் நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை நிறைவு செய்யும் என்பதே அரசாங்கம் சொல்லிவந்த மதிப்பீடு. இலக்கை அறிந்த மாணவர்கள் இந்த விழுக்காட்டை மட்டும் படிக்காமல் வருவது எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

அணுவை ஆதரிப்போர் இதைக் கேட்டதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அவர்களும் கணக்கை முடிப்பதில்லை. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியப்பண்ணையின் திறன் 60 மெகாவாட். பரப்பு சுமார் 45 ஹெக்டர். ஓர் உலைக்கு ஈடாக அத்தகைய பண்ணைகள் 110 வேண்டும், அதாவது சுமார் 50 சதுர கிலோமீட்டர். சுமார் 735 சதுர கிலோமீட்டர் கொண்ட நாட்டில் அது பெரிய பரப்புதான், ஆனால் நினைத்தும் பார்க்க முடியாத பரப்பு அல்ல. எந்தக் கூரையில், எந்த நீர்ப்பரப்பில் என்று அவர்கள் கேட்டிருந்தால் விவாதம் விவாதமாக இருந்திருக்கும். மேலும், 14 விழுக்காடு என்பது தகட்டின் குறையைச் சொல்லும் எண் அன்று. அதை வைத்துச் சூரியசக்தி வீண் என்று வாதிடுவது, பகலில் மட்டும் திறந்திருக்கும் கடை நட்டத்தில் ஓடுகிறது என்று கணக்கேட்டைப் பார்க்காமலேயே சொல்வதைப் போன்றது.

மின்கலத்தின் மெகாவாட்டை மட்டும் சொல்லுதல்

ஜூரோங் தீவில் உள்ள மின்சேமிப்பு நிலையம் 200 மெகாவாட், 285 மெகாவாட்-மணி. முழுத்திறனில் ஒன்றரை மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். இரண்டாம் எண்ணைச் சொல்லாதவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

திறப்பு விழாத் தேதியை நம்புதல்

அணுவை ஆதரிக்கும் அணியின் தீராத நோய் இது. பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோ மூன்றாம் உலை 2005இல் தொடங்கி 2009இல் முடிவதாக இருந்தது. முறையான உற்பத்தி 2023இல்தான் தொடங்கியது. அமெரிக்காவின் வோக்டல் நிலையத்தில் கட்டிய இரு புதிய உலைகளின் செலவு, ஏறத்தாழ 14 பில்லியன் அமெரிக்க வெள்ளியிலிருந்து 30 பில்லியனைத் தாண்டியது. நம்மவர்க்கு அருகில், 2002இல் கட்டுமானம் தொடங்கிய கூடங்குளம் முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014இன் இறுதியில்.

நான்கு உலைகளையும் 2012 முதல் 2024க்குள் முடித்த அமீரகத்தின் பராக்காவைக் காட்டுவது நல்ல வாதம். ஆனால் அங்கும் முதல் உலை சொன்ன ஆண்டில் வரவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையேல் எதிரணி சொல்லும்.

சிறிய உலைகளை ஏற்கெனவே கடையில் விற்பதாகப் பேசுதல்

ரஷ்யாவிலும் சீனாவிலும் ஓரிரண்டு ஓடுகின்றன. அமெரிக்காவில் யூட்டா நகராட்சிகளுக்காகத் திட்டமிட்டது 2023இல் கைவிடப்பட்டது.

புகுஷிமா என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுதல்

தொலைவைச் சொல்லுங்கள். அங்கு மக்கள் வெளியேற்றப்பட்ட வட்டத்தின் ஆரம் 20 கிலோமீட்டர்; இத்தீவு வடக்கு தெற்காக 30 கிலோமீட்டர்கூட இல்லை. அப்போதிருந்த உலை வகைகள் சிங்கப்பூருக்குப் பொருந்தா என்று 2012இல் அரசாங்க ஆய்வு முடிவு செய்ததை இதனோடு சேர்த்துப் பேசினால் வாதம் நிற்கும்.

முடிவெடுத்தாகிவிட்டது என்று பேசுதல்

எடுக்கவில்லை. 2024இல் அமெரிக்காவுடன் செய்துகொண்டது அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடு. உலை வாங்கும் ஒப்பந்தம் அன்று.

இரண்டே வழிகள் என எண்ணுதல்

இன்று நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது; இரு அணிகளும் அதை மறந்துவிட்டு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. லாவோஸின் நீர்மின்சாரம் 2022இலேயே தாய்லாந்து, மலேசியா வழியாக நம்மை எட்டியது. 2035க்குள் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு. அந்த 6 கிகாவாட் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று யாராவது கேட்பார்கள் எனச் சென்ற பயிற்சி முடியும்வரை காத்திருந்தேன். அடுத்த வாரம் அதே தலைப்பையே மீண்டும் கொடுத்திருக்கிறேன்.