குழந்தைப் புற்றுநோய் மருந்தாய்வு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளினிக்கல் டிரையல் என்றதும், "பிள்ளைக்கு மருந்தே தராமல் வேடிக்கை பார்ப்பார்களோ" என்று பயந்து, ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே மறுப்பவர்கள் உண்டு. குழந்தைப் புற்றுநோய் ஆய்வுகளில் ஒப்பீட்டுப் பிரிவுக்கும் (புது மருந்து பெறாத பிரிவு) பொதுவாக வழக்கமான சிகிச்சை முழுதாகக் கிடைக்கும். 2024 இறுதியில் முடிவு வெளியான ஏஏஎல்எல்1731 ரத்தப் புற்றுநோய் ஆய்வில் இரு பிரிவுக் குழந்தைகளுக்கும் கீமோ கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கூடுதலாக பிளினாட்டுமோமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து. 3 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிருடன் இருந்தவர்கள் அப்பிரிவில் 96%, கீமோ மட்டும் பெற்றவர்களில் 87.9%.

எதிர்த்தவறு, எல்லா ஆய்வும் இப்படித்தான் என்று நம்புவது. மேலே சொன்னது மூன்றாம் கட்ட ஆய்வு, அதாவது வழக்கமான சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவது. முதல் கட்டத்தின் நோக்கமே வேறு: எவ்வளவு டோஸை உடல் தாங்கும் என்று பார்ப்பது. பெரும்பாலும் நோய் திரும்பி வந்த, வேறு வழி குறைந்த குழந்தைகளைத்தான் அதில் சேர்ப்பார்கள். குணமாகும் வாய்ப்பு குறைவு. ஊசியும் ரத்தப் பரிசோதனையும் அதிகம். அதனால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இது எத்தனையாவது கட்டம்? சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை?

"புது மருந்துப் பிரிவிலேயே போடுங்கள்" என்று டாக்டரிடம் கெஞ்சிப் பயனில்லை. பிரிப்பது கம்ப்யூட்டர். எது மேல் என்று தெரியாததால்தானே ஆய்வே நடக்கிறது!

நோய் உறுதியான அன்றே, அதிர்ச்சியில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அவகாசம் இருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். சிடிஆர்ஐ (இந்திய மருந்தாய்வுப் பதிவேடு) பதிவு எண்ணையும் கேட்டு, இணையத்தில் சரிபாருங்கள். எந்தச் செலவு இலவசம், எது உங்கள் கணக்கில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வால் உடல்பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2019 மருந்தாய்வு விதிகள்.

பிள்ளையிடம் மறைப்பதும் சரியல்ல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்குமேல் 18 வரை எழுத்திலும் பிள்ளையின் சம்மதம் வேண்டும்.

பெரிய ஆபத்து, வேறு மருந்தை மறைப்பது. ஃபோலிக் அமிலம் கலந்த சத்து டானிக், மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். நாட்டுமருந்தால் கல்லீரல் பாதித்தால், பழி ஆய்வு மருந்தின் மேல் விழும், டோஸும் நின்றுபோகலாம்.

விலக எப்போதும் உரிமை உண்டு. ஆனால் சொல்லாமல் வராமல் நின்றுவிடாதீர்கள். விலகியபின் வழக்கமான சிகிச்சையைத் தொடர, உள்ளே போன மருந்தின் கணக்கு டாக்டருக்குத் தேவை. கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.