எடை குறைந்தால் போதுமா?

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைத்தார். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி பப்பாளி, தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் தரையில் உட்கார்ந்தால் சுவரில் கை ஊன்றித்தான் எழுந்தார்; முன்பு அப்படி இல்லை. கையும் தொடையும் மெலிந்திருந்தன, வயிறு அப்படியே இருந்தது. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்திருக்கிறது.

எடை மெஷினை மட்டும் நம்பியதுதான் முதல் தவறு. கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. சோறு போன்ற மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும்; அதில் ஒரு கிராம் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்த முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான். அப்புறம் முள் நகரவில்லை என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஒரு இன்ச் டேப் வாங்குங்கள். காலையில் வெறும் வயிற்றில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, வயிற்றை எக்காமல் அளந்து எழுதி வையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை, ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் சரி.

இரண்டாவது, நம் தட்டு. டயட் என்றதும் அளவைக் குறைக்கிறோம், புரதத்தைக் கூட்டுவதில்லை. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதம். மூன்று இட்லிக்கு 6. தண்ணியான சாம்பார் பெரிதாக எதையும் சேர்க்காது. உடற்பயிற்சியோடு எடை குறைக்கிற 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 95 கிராம் வரை வேண்டும். எனவே இரண்டு இட்லி, இரண்டு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். முட்டையிலேயே 12 கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போடலாம், தயிர் சேர்க்கலாம், மாலையில் பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வாக்கிங் இதயத்துக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயிட் தூக்கினால் உடம்பு ஆண் மாதிரி ஆகிவிடும் என்று பெண்கள் பயப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம், அப்படி ஆகாது. அந்த அக்கா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்து, ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி பத்துப் பத்தாக மூன்று முறை செய்கிறார். எளிதாகிவிட்டால் தூக்கும் எடையைக் கூட்ட வேண்டும். மாதக்கணக்கில் அதே இரண்டு கிலோ டம்பெல்லையே தூக்கிக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான்.

வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் தொப்பை கரையாது. வாக்கிங் முடித்த கையோடு வடை, டீ என்றால் நடந்தது அதிலேயே போய்விடும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. தூக்கத்தையும் வெட்டாதீர்கள்.

அடுத்த மாதம் கல்யாணம், அதற்குள் பத்து கிலோ குறைய வேண்டும் என்று இறங்காதீர்கள். 60 கிலோ ஆளுக்கு வாரம் 300 முதல் 600 கிராம் குறைந்தால் போதும். அதற்கு மேல் வேகமெடுத்தால் தசையும் சேர்ந்து போகும்.