பட்டை முனையில் தமிழ் எழுத்து: தொடங்குபவர்களுக்கு

அழகெழுத்து பழக, தூரிகை போல் வளையும் நுனியுள்ள பிரஷ் பேனாவை முதல் நாளே வாங்க வேண்டாம். கீழே இழுக்கும்போது அழுத்தினால் தடிப்பு, மேலே ஏறும்போது விட்டுப்பிடித்தால் மெலிவு என்பது அதன் கணக்கு. சாய்ந்து ஓடும் ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் ட, ப, ம, க, ச என்று எதை எடுத்தாலும் ஒரு படுக்கைக் கோடு வந்து நிற்கிறது. அங்கே அழுத்துவதா விடுவதா என்று கை தடுமாறும். பட்டை முனையில், அதாவது நுனி கூராக இல்லாமல் உளி போலத் தட்டையாக இருக்கும் பேனாவில், அந்தக் குழப்பம் கிடையாது. தடிப்பையும் மெலிவையும் முனையின் சாய்வே கொடுத்துவிடும். கை ஒரே அழுத்தத்தில் போனால் போதும்.

முதல் வாரம் பேனாவே தேவையில்லை. இரண்டு பென்சிலைச் சேர்த்து, இரு கூரும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூருக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் உங்கள் பட்டையின் அகலம். இதில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நெடுக்கும் படுக்கையும் ஒரே தடிப்பில் வந்தால் முனையின் விளிம்பு வரிக்கோட்டுக்கு 45 பாகைச் சாய்வில் இருக்கிறது. நெடுக்கு தடித்துப் படுக்கை மெலிந்தால் முனை படுத்துவிட்டது. 30 பாகையில் 4 மி.மீ. முனை நெடுக்கில் 3.5 மி.மீ., படுக்கையில் 2 மி.மீ. தடிப்பு தரும், 45 பாகையில் இரண்டுமே 2.8 மி.மீ. தமிழுக்கு 45-இல் தொடங்குவதே நல்லது. ட-வின் காலும் அடிக்கோடும் ஒரே பருமனில் நின்றால்தான் எழுத்து கட்டாக இருக்கும்.

பிறகு பேனா. பைலட் பேரலல் என்ற பட்டை முனைப் பேனாவில் 3.8 மி.மீ. தொடங்குபவருக்குச் சரியான அளவு. 1.5 மி.மீ. வாங்கினால் பிழை கண்ணுக்குத் தெரியாது, திருத்தவும் வழியிருக்காது. அதில் ஷெல்லாக் (அரக்கு) கலந்த, தண்ணீரில் கரையாத டிராயிங் இங்க்கை ஊற்றாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துவிடும். ஊற்றுப்பேனா மைதான் அதற்கு.

செலவில்லாமல் வேண்டும் என்றால் மூங்கில். நன்றாகக் காய்ந்த, சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியில் 18 செ.மீ. வெட்டுங்கள். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கி, வாய் பிளந்துவிடும். நுனியில் 3 செ.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி, உட்பக்கச் சோற்றைச் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் செதுக்கி 4 மி.மீ. அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் 1 செ.மீ. கீறல். கடைசியாக நுனியை ஒரு டைல்ஸ் துண்டின் மேல் வைத்து ஒரே அழுத்தில் வெட்டி, 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். கீறல் இல்லாத குச்சி ஒரே எழுத்தில் மையெல்லாம் கொட்டிவிட்டு அடுத்த எழுத்தில் வறண்டுபோகும்.

தாள் விஷயத்தில் ஊர்க் காற்றையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்தில், தமிழக-கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இரண்டு பருவமும் இரண்டு விதமான தொல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தாள் ஈரம் குடித்திருக்கும். சாதாரண 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஜெராக்ஸ் தாளில் மை நரம்பு நரம்பாகப் பரவும். 100 ஜிஎஸ்எம் தாளை பாலிதீன் உறையில் மூடி வைத்து, எழுதும்போது மட்டும் எடுங்கள். அப்படியும் பரவினால் (மூங்கில் குச்சிக்கான மையில் மட்டும்) 10 மி.லி.க்கு மூன்று நான்கு சொட்டு வேலம்பிசின் கரைசல் விடலாம். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து கணவாய்க்குள் அடிக்கும் காற்றில் கதை தலைகீழ். மூங்கில் குச்சியில் தொட்டு எழுதும் போஸ்டர் கலர் முனையிலேயே காய்ந்து, கோடு நடுவில் அறுந்து வரும். கலவை பால் பதத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு தண்ணீர் சேருங்கள், கிழக்குச் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கோடு போடாமல் எழுதவே கூடாது. அளவெல்லாம் முனை அகலத்தில்தான். எழுத்தின் உடலுக்கு 5 முனை. மேலே விலங்குக்கும் (கி, கீ-யில் வரும் மேல்வளைவு) புள்ளிக்கும் 2. கீழே ழ-வின் வாலுக்கும் கு, மு போன்றவற்றுக்கும் 3. 3.8 மி.மீ. முனைக்கு உடல் 19 மி.மீ., ஒரு வரி மொத்தம் 38 மி.மீ. ஏ4 தாளில் ஏழு வரி அடங்கும். ஆங்கிலப் பயிற்சித்தாளின் கோடுகளில் தமிழை எழுதினால் கீழே இடம் போதாமல் வால்கள் அடுத்த வரியில் இடிக்கும்.

இனி எழுத்து. கையெழுத்தில் ப-வை ஒரே இழுப்பில், கீழே, வலம், மேலே என்று முடிப்போம். பட்டை முனையில் அந்தக் கடைசி ஏற்றம்தான் ஆபத்து: மேலே தள்ளும்போது முனை தாளைக் குத்தும், மை தெறிக்கும். எனவே பேனாவைத் தூக்கி, வலப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்து அடிக்கோட்டில் சேருங்கள். ம, ய எல்லாவற்றுக்கும் இதே விதி. முனையை எப்போதும் இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. பள்ளியில் பழகிய வரிவடிவ ஓட்டத்தை மறக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை இழுப்பு என்று முதலில் பென்சிலில் எண் போட்டுப் பார்ப்பது நிரம்ப உதவும்.

ட, ப, ம, ய என்ற மூலை எழுத்துகளில் ஒரு வாரம். அடுத்து க, ச, த, ந. அதற்குப் பிறகே சுழி. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும்தான் எல்லோரும் தோற்கும் இடம். சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் குறைந்தது ஒரு முனை அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மை நிரம்பி அடைந்துவிடும். ண-வை ப-வின் அகலத்துக்குள் நெருக்கப் பார்க்காதீர்கள். அது இரண்டு மடங்கு இடம் கேட்கும் எழுத்து, கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

ர-வில் தனிக் கவனம் வேண்டும். அடிச்சாய்வு இல்லையென்றால் அது துணைக்கால் ஆகிவிடும், சொல்லே மாறும். அந்தச் சாய்வை இடப்பக்கம் இழுக்கும்போது 45 பாகை முனையில் மயிரிழைதான் வரும், தூரத்தில் தெரியாது. அந்த ஒரு இழுப்புக்கு மட்டும் முனையை 20 பாகைக்குத் திருப்புங்கள்.

247 எழுத்தையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய்யின் உரு 18, ஆய்தம், பிறகு மெய்க்கு மெய் வடிவம் மாறும் உகர ஊகார வரிசை 36, ஆக 67. இவற்றோடு கொம்பு, கால், விலங்கு ஆகியவையும், ஒட்டி உருமாறும் டி, டீ-யும் போதும். பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ணை, லை, ளை, னை துதிக்கை போட்ட வடிவில் இருந்தன. அழகானவைதான், ஆனால் இன்றைய வடிவத்தோடு ஒரே பலகையில் கலக்கக் கூடாது.

புள்ளியைக் கடைசியில் போகிறபோக்கில் வைக்காதீர்கள். முனையை 45 பாகையில் ஊன்றி, ஒரு முனை அகலம் நகர்த்தினால் சதுரப் புள்ளி வரும். அதை எழுத்தின் தலையிலிருந்து அரை முனையாவது தள்ளி வையுங்கள். ட்-இல் மேலே வெற்றிடம் இருப்பதால் புள்ளியைக் கீழே இறக்கிவிடத் தோன்றும். இறக்கினால் வரியின் மற்ற புள்ளிகளோடு மட்டம் தப்பும்.

எழுத்திடை வெளியை ஸ்கேலால் அளக்க முடியாது. ட-வின் வலப்பக்கம் ஏற்கெனவே வானம் திறந்து கிடக்கிறது, அடுத்த எழுத்தை நெருக்கி வையுங்கள். ப-வுக்குப் பின் ம வந்தால் இரண்டு நெடுக்குகள் அருகருகே நிற்கும், அங்கே ஒன்றரை முனை விடுங்கள். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் சொல் மறைந்து வெளி மட்டும் தெரியும்; எங்கே ஓட்டை, எங்கே நெரிசல் என்று உடனே பிடிபடும்.

எல்லையோரத்தில் பழகுபவர் விரைவிலேயே இருமொழிப் பலகைக்கு வந்து நிற்பார். அதற்குக் கொழிஞ்சாம்பாறை என்ற பெயரையே பயிற்சியாக எடுக்கலாம்: கொம்பு, கால், விலங்கு, ழ-வின் வால், இரண்டு புள்ளி, றை எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழில் அது ஏழு எழுத்து. மலையாளத்தில் ஒற்று அடுத்த எழுத்தோடு கூடிவிடுவதால் ஐந்து கூறுதான். எனவே தமிழ் வரி நீளும். தமிழை முதலில் பென்சிலில் போட்டு நீளத்தை முடிவு செய்துவிட்டு, மலையாள எழுத்துகளின் இடைவெளியைத் தளர்த்தி அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். மலையாளத்தைப் பெரிதாக்கி நீட்டினால் கோட்டின் தடிப்பு மாறி, இரண்டு பேர் எழுதியது போல் ஆகும். இரண்டு வரிக்கும் ஒரே முனைதான். மலையாள வரி உருண்டு உருண்டு ஓடுவதால் அதற்கு 30 பாகை அழகு. சில கூட்டெழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வரும்; மலையாளம் மேல்வரியாக இருந்தால் அதன் வாலும் தமிழ்ப் புள்ளியும் முட்டாதபடி நடுவில் கூடுதலாக 2 முனை இடம் விட்டுவிட்டு, அப்புறம் கோடு போடுங்கள்.