காணொளிக்குப் பின்னணி இசை: உரிமம் பார்த்து எடுத்துப் பேச்சுக்கு அடியில் சேர்க்கும் முறை

'ராயல்டி ஃப்ரீ' என்று போட்டிருந்ததை நம்பி ஓர் இணையதளத்திலிருந்து இறக்கிய மெல்லிய எலக்ட்ரானிக் இசையைச் சேர்த்து யூடியூபில் ஏற்றிய என் காணொளிக்கு, அன்றே பதிப்புரிமைக் கோரல் வந்தது. அதைத் தீர்த்த பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமத்தைப் படியுங்கள். ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்றோ பதிப்புரிமை அற்றது என்றோ பொருளில்லை. ஒருமுறை உரிமம் பெற்றால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகத் தொகை கட்ட வேண்டியதில்லை என்பதே பொருள். இசையமைத்தவரோ அவருடைய விநியோகஸ்தரோ அதே இசையைக் கன்டென்ட் ஐடியில் (ஏற்றப்படும் காணொளிகளில் பதிவான இசை இருக்கிறதா என்று தானாகக் கண்டறியும் யூடியூபின் அமைப்பு) பதிவு செய்திருந்தால், முறையாக உரிமம் பெற்றவரின் காணொளியும் அதில் சிக்கும். எனக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே 'கன்டென்ட் ஐடியில் பதிவாகியுள்ளதா' என்ற குறிப்பைத் தேடிப் பார்த்த பிறகே இறக்குங்கள். உரிமப் பக்கத்தைத் தேதியுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இசைக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

படைப்பாளிகள் சில நிபந்தனைகளோடு தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், 'நோ டெரிவேட்டிவ்ஸ்' (தழுவலுக்கு அனுமதியில்லாத) வகையை அறவே தவிருங்கள். இசையைப் படத்தோடு இணைப்பதையே அந்த உரிமம் தழுவலாகக் கொள்வதால், ஒரு நொடிகூட வெட்டாமல் பயன்படுத்தினாலும் அதை வெளியிட அனுமதியில்லை. விளம்பர வருவாய் உள்ள காணொளிக்கு 'நான்-கமர்ஷியல்' (வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லாத) வகையும் ஒத்துவராது. புதியவர்கள் யூடியூப் ஸ்டூடியோவின் ஆடியோ லைப்ரரியிலிருந்து தொடங்குவதே நல்லது. அங்கே 'ஆம்பியன்ட்' வகையைத் தேர்ந்து, இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லாதவற்றை மட்டும் வடிகட்டலாம். பாட்டுக் குரல் கலந்த இசையைப் பேச்சுள்ள காணொளிக்கு நான் எடுப்பதே இல்லை.

இசையின் நீளம் போதாவிட்டால் தாளக்கட்டு முடியும் இடத்தில் வெட்டி ஒட்டுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு கொண்ட இசையில் ஒரு தட்டுக்கு 0.75 நொடி, நான்கு தட்டுக் கட்டுக்கு 3 நொடி, எட்டுக் கட்டுகளுக்கு 24 நொடி. அந்த எல்லையில் வெட்டினால் ஒட்டு காதில் படாது.

பேச்சு வரும்போது இசையைத் தானே தணியவைக்க, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் 'ஆட்டோ டக்' எஃபெக்ட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. இசைத் தடம் மேலேயும் பேச்சுத் தடம் அதற்கு நேர் கீழேயும் இருக்க வேண்டும். இசைத் தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு எஃபெக்டை இயக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை நடக்காது. பேச்சை விட இசை 18 முதல் 20 டெசிபல் வரை தணிந்திருப்பது என் விருப்பம். முடிவை ஹெட்போனில் மட்டுமன்றி, கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: உரிமம் இருந்தும் கோரல் வந்தால் காணொளியை நீக்க வேண்டுமா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கன்டென்ட் ஐடி கோரலும் பதிப்புரிமை மீறலுக்காகச் சேனலைப் பாதிக்கும் ஸ்டிரைக்கும் வெவ்வேறானவை. உரிம விவரத்தை எழுதி மறுப்பு அனுப்புங்கள்; கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் கோரல் விலகிவிடும்.