அறிவியல் புலம் தன் முன்னாள் மாணவரையும் ஆசிரியரையும் சிறப்பிப்பது எப்படி

முன்னாள் மாணவர் பாராட்டு விழா நடத்துவதென்று கல்லூரியில் தீர்மானமான மறுநாளே பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆர்டர் போய்விடுகிறது; அழைப்பிதழில் யார் பெயருக்கு அடுத்து யார் பெயர் என்ற விவாதம் ஒரு வாரம் நடக்கிறது; பாராட்டப்படுகிறவர் என்ன செய்தார் என்பதை மட்டும், விழாவுக்கு முதல் நாள் மாலை, தொகுத்து வழங்கும் மாணவியின் கையில் நான்கு வரிக் குறிப்பைத் திணிக்கும்போதுதான் யாரேனும் யோசிக்கிறார்கள். வேதியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, இத்தகைய விழாக்கள் பலவற்றை நடத்தியும் சிலவற்றைக் கெடுத்தும் பழகியவன் என்ற முறையில், இந்த வரிசையைத் திருப்பிப் போடும் வழியை எழுதுகிறேன். அறிவியல் புலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே ஒருவரின் சாதனை துறைக்கு வெளியே இருப்பவருக்கு எளிதில் விளங்காது. விளங்காததைப் பதவியின் பெயரையும் பட்டங்களையும் சொல்லி மூடிவிடுவதோ மிக எளிது.

முதல் வேலை தேர்வுக் குழு அமைப்பது. விழாவுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகவே அது அமைய வேண்டும். புலத்தலைவர், பணியிலிருக்கும் ஆசிரியர் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் ஒருவர், கல்லூரியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியாள் ஒருவர் என ஆறு பேர் போதும். ஓய்வுபெற்றவர் இல்லாவிட்டால் பழைய பெயர்கள் வராது. வெளியாள் இல்லாவிட்டால் துறைக்கொன்றாகப் பங்கு பிரிப்பதில் போய் முடியும். இந்த ஆண்டு இயற்பியலுக்கு, அடுத்த ஆண்டு விலங்கியலுக்கு என்று சுழற்சி முறை வைத்த கல்லூரிகளில், மூன்றாவது சுற்றுக்குள் விருதின் மதிப்பு கரைந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். நன்கொடையாளர் எவரும் குழுவில் இருக்கக் கூடாது என்பதையும், தகுதியானவர் இல்லாத ஆண்டில் விருது வழங்கப்படாது என்பதையும், பரிந்துரைகள் வருவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது. பரிந்துரைகள் வந்தபின் எழுதப்படும் விதி யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டதாகவே பார்க்கப்படும்.

எது சாதனை என்பதில்தான் குழு அதிக நேரம் செலவிட வேண்டும். தாவரவியல் படித்துவிட்டு மாவட்ட ஆட்சியரானவர் கல்லூரிக்குப் பெருமைதான். அவரைக் கல்லூரி நாளில் அழைத்துச் சிறப்பிக்கலாம். அறிவியல் புலத்தின் விருதை அவருக்குக் கொடுத்தால், பூச்சிகளின் பின்னால் நாற்பது ஆண்டு அலைந்து வகைப்படுத்தியவருக்குக் கொடுக்க நம்மிடம் வேறொன்றும் மிஞ்சாது. மதிப்பெண்ணையும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார்; பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் பெற்றவர் மட்டுமே முன்னாள் மாணவர் என்று விதி எழுதும் கல்லூரி அவரைத் தன் பட்டியலில் சேர்க்கவே முடியாது. ஆகவே, ஒரு பருவமேனும் பயின்றவர் என்று விதியை அகலமாக வைத்து, வேலையின் தரத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பெண்கள் விடுபட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எவருடைய தீய எண்ணமும் அன்று, பதிவேடுதான். சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், ஆய்வுக் கட்டுரைகளில் கணவரின் முன்னெழுத்தோடோ குடும்பப் பெயரோடோ வரும். இரண்டும் ஒருவரே என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. அந்தந்த ஆண்டு வகுப்புத் தோழியர் இருவரைப் பிடித்துக் கேட்டால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும். அங்கீகாரம் எவ்வளவு தாமதமாகும் என்பதற்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் ஒரு சான்று. ராணி மேரிக் கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்து, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, 1931-இல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆய்வில் உழைத்த அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 1977-இல், எண்பதை நெருங்கிய வயதில். குழு தன் பட்டியலை முடிக்கும்போது, அதில் எத்தனை பெண்கள், அறுபது வயதுக்குக் கீழே எத்தனை பேர், புள்ளியியல் போன்ற சிறிய துறைகளிலிருந்து எவரேனும் உண்டா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற எஸ். ஆர். சீனிவாச வரதன் மாநிலக் கல்லூரியில் படித்தது புள்ளியியல்தான்.

பெயர்கள் கைக்கு வந்ததும் சரிபார்க்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டை, துறையின் குழுப் புகைப்படம் ஆகிய மூன்றில் இரண்டிலாவது அவர் பெயர் இருக்க வேண்டும். வாய்மொழியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதிலேயே ஊரை விட்டுச் சென்று, பரோடாவில் படித்தவர் அவர். 2009-இல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், தமிழ்நாட்டில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சிலர் உரிமை கொண்டாட, அதை அவரே வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று. புகழ் பெற்றவர் நம்மிடம் படித்தார் என்று அறிவிக்கும் ஆசை எல்லாக் கல்லூரிக்கும் உண்டு. அடிக்கட்டை அந்த ஆசைக்குக் கடிவாளம்.

ஆசிரியர்களைச் சிறப்பிப்பது இதைவிடக் கடினம், ஏனெனில் அவர்களுக்கும் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, திட்டநிதி என்ற அதே தராசை நீட்டிவிடுகிறோம். பிரான்சிலிருந்து 1937-இல் வந்து, பெரும்பகுதிக் காலம் சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த ஏசுசபைத் துறவி சார்லஸ் ரசீனை அந்தத் தராசில் நிறுத்தினால் தட்டு அவ்வளவாகத் தாழாது. ஆனால் பாடத்திட்டம் பழையதாகவே இருந்த நாளில் புதிய கணிதம் எந்தத் திசையில் போகிறது என்பதை இளங்கலை மாணவருக்குக் காட்டி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கம் அவர்களைத் திருப்பிவிட்டவர் அவர். அவரிடம் படித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1965-இல் தங்கள் பெயரால் வழங்கும் தேற்றத்தை நிறுவினார்கள். சேஷாத்ரி பின்னாளில் சென்னை கணிதவியல் கழகத்தையே உருவாக்கினார். இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனும் அப்படித்தான். ராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் பங்கேற்பதற்கு முன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறைப் பயிற்றுநராக இருந்தபோது, மதிய உணவு இடைவேளையில் மாணவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். இத்தகைய வேலை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

ஆகவே ஆசிரியருக்கான பரிந்துரையில், வெவ்வேறு பத்தாண்டுகளில் அவரிடம் படித்த ஐந்து மாணவர்களின் கடிதம் கட்டாயம் என்று வைக்க வேண்டும். அந்தக் கடிதம் ‘சிறந்த ஆசிரியர், அன்பானவர்’ என்று எழுதப்பட்டிருந்தால் திருப்பி அனுப்பி, ஒரு வகுப்பையோ ஒரு செய்முறையையோ விவரிக்கச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மறக்கவில்லை. ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவை அளக்கும் தரம்பார்த்தலில், நிறுத்த வேண்டிய முடிவுப்புள்ளி தவறிய மாணவர் ஒருவர், அளவீட்டைத் திருத்தி எழுதிக் காட்டியபோது, ஆசிரியர் திட்டாமல், பியூரெட்டை மறுபடி நிரப்பிக் கொடுத்து, பேருந்தைத் தவறவிட்டு ஆறரை மணி வரை அருகிலேயே நின்றாராம். அந்த ஆண்டு குழுவில் அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. ஆய்வக உதவியாளர், கண்ணாடிக் கருவிகளைப் பழுது பார்த்தவர், உலர்தாவரத் தொகுப்பைப் பூச்சியரிக்காமல் காத்தவர் ஆகியோரையும் இந்தப் பிரிவிலேயே சேர்க்கலாம். சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தேர்வு முடிந்தபின் பாராட்டுரை எழுதுவதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். விழாவின் உயிர் இதில்தான் இருக்கிறது, பொன்னாடையில் அன்று. ஜி. என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் அவர். ‘உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி, பல விருதுகளைப் பெற்றவர்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். ‘நம் தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1950-களின் நடுவில் காட்டினார், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதை 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் ஒரே வரைபடத்தில் அடக்கினார். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரிதானா என்று உலகெங்கும் இன்றும் அந்த வரைபடத்தைக் கொண்டே பார்க்கிறார்கள்’ என்று எழுதினால், அது அவர் ஒருவருக்கே பொருந்தும். கேட்டுக்கொண்டிருக்கும் முதலாண்டு மாணவருக்கும் விளங்கும். உடன் உழைத்தவர்களின் பெயர் அதில் இருப்பதையும் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால், பாராட்டப்படுகிறவரே மேடையில் நெளிய நேரும்.

நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் தமிழில் எழுதி, வேறு துறை மாணவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவருக்கு விளங்காத இடத்தைத் திருத்தி, பின்னர் உரியவருக்கே அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். வியப்பில் ஆழ்த்தப் போகிறோம் என்று மறைத்து வைத்து, தவறான பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேடயத்தில் பொறித்துக் கொடுத்த விழா ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். போகும்போது விருந்தினர் அறை மேசையிலேயே அதை விட்டுச் சென்றுவிட்டார்.

நாள் குறிப்பதில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள், பொருத்தமானது; ஆனால் அன்று எல்லாக் கல்லூரிகளிலும் விழா இருப்பதால் நல்ல பேச்சாளர் கிடைப்பது அரிது. வெளிநாட்டில் இருப்பவர்கள் டிசம்பர் பிற்பாதியிலிருந்து பொங்கல் வரை ஊருக்கு வருவார்கள் என்பதால், ஜனவரி முதல் வாரத்தையே நான் பரிந்துரைப்பேன்.

அன்றைய நிகழ்ச்சியை மேடையில் தொடங்காமல் ஆய்வகத்தில் தொடங்குங்கள். எண்பது வயது தாவரவியலாளர் ஒருவர், சிறப்பு விருந்தினரின் வருகைக்காக இரண்டு மணி நேரம் மேடையில் காத்திருந்து, முடிவில் ஏற்புரைக்கு நான்கு நிமிடம் கிடைத்துத் திரும்பியதைப் பார்த்தபின், பாராட்டப்படுகிறவரே சிறப்பு விருந்தினர், வேறு எவரும் வேண்டாம் என்று எங்கள் புலத்தில் முடிவெடுத்தோம். காலை பத்து முதல் பதினொன்று வரை அவர் தம் பழைய ஆய்வகத்தில் மாணவர்களோடு இருப்பார். பாராட்டுரை வாசித்தபின் முப்பது நிமிடம் அவர் பேசுவார். பிறகு மாணவர் கேள்விகள். ஒருமுறை எங்கள் ஆய்வக உதவியாளர் பழைய பிரேக்கேஜ் பதிவேட்டைத் தேடியெடுத்து, மருந்து ஆய்வில் பெயர் பெற்ற ஒருவரின் முன் விரித்து வைத்தார். ஒரு பிப்பெட், இரண்டு சோதனைக் குழாய், ஒரு கூம்புக் குடுவை என்று அவர் உடைத்தவற்றின் கணக்கும், கட்டிய தொகையும், அவருடைய பதின்வயதுக் கையொப்பமும் அதில் இருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, பிப்பெட்டை உடைத்தது தாம் அல்ல, பக்கத்து மேசைக்காரர் என்றார். அதன்பின் மாணவர்கள் கேள்வி கேட்கத் தயங்கவே இல்லை.

விழாவுக்குப் பின் நிலைத்திருக்க வேண்டியது, வைப்புநிதியின் வட்டியில் ஆண்டுதோறும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவு. இதில் கணக்கு முக்கியம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி என்று கொண்டால், 1 லட்சம் ரூபாய் வைப்புநிதி 6,000 ரூபாய்தான் தரும். பேச்சாளரின் பயணத்துக்கே அது போதாது. 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக ஏற்பதில்லை என்று வைத்து, வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அசல் தொகையோடு சேர்த்துவிட்டால், பழைய தங்கப் பதக்கங்கள் முலாம் பூசிய தகடாகிப்போன கதை இதற்கும் நேராது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற முன்னாள் மாணவர் பணம் அனுப்பினால், அது அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத கல்லூரி அதை வாங்கக் கூடாது. இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை. அறிவிப்பு வெளியிடும் முன்பே கணக்கரிடம் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென இடம் இருப்பதால், விழாவின் புகைப்படங்கள் தவறாமல், எடுத்த இடத்தின் குறிப்போடு ஜியோடேக் செய்யப்பட்டுக் கோப்பில் சேர்ந்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது மற்ற காகிதங்களைப் பற்றித்தான்: பரிந்துரைக் கடிதங்கள், குழுவின் குறிப்பு, தேர்வாகாத பெயர்களின் பட்டியல், பாராட்டுரையின் இறுதிப் படி. அடுத்த குழுவுக்கு இவை தேவைப்படும். பயணச் செலவை அன்றே கொடுத்துவிட வேண்டும். ரசீதை அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வைப்பது அழகல்ல. கண்காட்சிக்கென்று வகுப்புத் தோழர்களிடமிருந்து வாங்கிய பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்களையும் சேர்த்துப் படியெடுத்து, அட்டை வைத்த உறையில் ஒரு வாரத்துக்குள் உரியவர்களிடம் திருப்பிச் சேர்த்துவிடுங்கள்.