ஹக்கிங் படிக்க முதல் வீட்டு ரவுட்டரைத் திறந்து பாருங்கள்

கல்முனையில் உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவன், சைபர் செக்கியூரிட்டி படிக்க எந்தக் கோர்ஸ் நல்லம் என்று கேட்டான். கோர்ஸ் இருக்கட்டும், உன் வீட்டு வைஃபையில் இப்ப எத்தனை சாதனம் இருக்கு என்றேன். 6 என்றான். பார்த்தால் 11.

நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் டிஃபால்ட் கேட்வே (Default Gateway, அதாவது உங்கள் ரவுட்டரின் முகவரி) என்ற வரியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒன்று வரும். அதை பிரவுசரில் போடுங்கள். லொகின் விபரம் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வேறு, வைஃபை பாஸ்வேர்ட் வேறு, பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

அப்புறம் வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு பட்டனாலோ பின் நம்பராலோ வைஃபையில் சேர விடும் டபிள்யூபிஎஸ் (WPS) இருந்தால் நிறுத்துங்கள். அதன் பின் நம்பர் (PIN) 8 இலக்கம்தான், ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதாலும் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவதாலும் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம்.

சரி, இனித்தான் சுவாரசியம். நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் சென்மேப் (Zenmap) என்ற இலவச மென்பொருளை நிறுவி, டார்கெட்டில் 192.168.8.0/24 என்று (உங்கள் கேட்வேக்கு ஏற்ப; 192.168.8 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் என்று அர்த்தம்) போட்டு பிங் ஸ்கேன் கொடுங்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று வரும். புதிய போன்கள் மெக் முகவரியை (சாதனத்தை அடையாளம் காட்டும் எண்ணை) மாற்றிக் காட்டுவதால் எது எவருடையது என்று தெரியாது, ஒவ்வொன்றாக வைஃபையை நிறுத்திப் பார்த்தே கண்டுபிடிக்கவேணும். பிறகு ஒரு முகவரிக்கு மட்டும் குயிக் ஸ்கேன். அது 100 போர்ட்டுகளை, அதாவது சாதனத்துக்குள் போகும் இலக்கமிட்ட கதவுகளை, தட்டிப் பார்க்கும். பக்கத்து வீட்டு நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள், இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் சும்மா இல்லை.

தம்பி வீட்டில் மிச்சம் 5இல் ஒன்று டிவி, ஒன்று கேமரா டிவிஆர் (கேமரா வீடியோவைப் பதியும் பெட்டி). அந்த டிவிஆரில் போர்ட் 23, அதாவது தூரத்திலிருந்து லொகின் செய்து கட்டளை கொடுக்கும் பழைய வழியான டெல்நெட், திறந்து கிடந்தது. டெல்நெட்டில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகும். 2016இல் மிராய் என்ற மால்வேர் இப்படித் திறந்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் கம்பனியே போட்டு அனுப்பும், யாரும் மாற்றாத 60 சொச்சம் பாஸ்வேர்டுகளை வைத்தே பிடித்தது. டெல்நெட்டை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, டிவிஆரை கெஸ்ட் நெட்வொர்க்குக்கு (வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைக்கும் தனி வைஃபைக்கு) தள்ளினோம்.

மற்ற மூன்றும் அக்காவிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளின் போன்கள். வகுப்பு முடிந்தும் எழும்பாமல் திண்ணையில் இருந்தவர்கள், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகு நேரத்துக்கே வீட்டுக்குப் போகிறார்களாம்.